கடைல மட்டும் கேட்ட வார்த்தை

வணக்கம்ங்க. சின்ன வயசு, பாசம் இத பத்தி ஏதாச்சும் பேசுங்கன்னு கூப்ட்டாங்க. எனக்கு என்னமோ என் கதைய விட நான் வாடகைக்கு இருந்த வீட்டு கதைதான் முதல்ல ஞாபகம் வந்துச்சு, அதையே சொல்லிடறேன்.

சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு தெக்கால ஒட்டுனாப்ல டேலி சிட்டின்னு ஒரு ஊரு. கோடையிலயும் பனிமூட்டம் கட்டிக்கிட்டு நிக்கும், ஊர்ல கிட்டத்தட்ட மூணுல ஒருத்தர் பிலிப்பைன்ஸ்காரங்க. 1965ல அமெரிக்கா குடியேற்ற சட்டத்த மாத்துச்சு, அதுக்கப்புறம் நர்ஸுங்களா நெறைய பேரு அங்கிருந்து வந்தாங்க. எங்க வீட்டு ஓனரம்மாவும் நர்ஸ்தான், நைட் ஷிஃப்ட். விடிஞ்சு வீட்டுக்கு வந்து, யூனிஃபார்ம கூட மாத்தாம பொண்ணுக்கு சோறு கட்டுவாங்க. எப்படிம்மா இருக்க, ஸ்கூல்ல என்னன்னு ஒரு வார்த்தை கிடையாது. "குமாயின் கா நா?" அவ்ளோதான். சாப்டியான்னு அர்த்தம், நமக்கு இத விளக்க வேண்டியதில்ல. அப்பா அதுக்கும் மேல, அவரு அதையும் கேக்க மாட்டாரு, மாம்பழத்த வெட்டி தட்டுல வச்சுட்டு போயிடுவாரு.

ஹால் மூலைல எப்பவும் ஒரு பெரிய அட்டைப்பெட்டி கெடக்கும், பாலிக்பயான் பாக்ஸ்னு பேரு. ஸ்பாம்னு டின்ல அடைச்ச கறி, சோப்பு, டூத்பேஸ்ட், சாக்லேட்னு மாசக்கணக்கா சேத்து சேத்து வச்சு ஊருக்கு கப்பல்ல அனுப்புவாங்க, எடைக்கு இல்ல பெட்டிக்குத்தான் காசுங்கறதால ஷூவுக்குள்ள கூட சாக்ஸ திணிச்சிருப்பாங்க. பொண்ணுக்கு அந்த பெட்டிய கண்டாலே கடுப்பு. மூஞ்சிகூட பாக்காத கசினுக்கு சாக்லேட் போகுது, இவ கடைல ஏதாவது கேட்டா மட்டும் அம்மா விலைய திருப்பி பாத்துட்டு "மஹல்!"னு சொல்லி எடுத்த எடத்துலயே வச்சுடுவாங்க.

தகாலோக் மொழில மஹல்னா விலை ஜாஸ்தி. அன்புன்னாலும் அதே மஹல்தான். ஆனா அந்த ரெண்டாவது அர்த்தம் பாவம் இவளுக்கு தெரியவே தெரியாது, ஏன்னா ஸ்கூல்ல பேச்ச கேட்டு யாரும் சிரிச்சுடக்கூடாதுன்னு வீட்ல அவகிட்ட இங்கிலீஷ்லயே பேசி வளத்துட்டாங்க, சாப்டியான்னு கேக்கும்போதும் திட்டும்போதும் கடைலயும் வாய்தவறி வர்ற நாலு வார்த்தைதான் அவளுக்கு தாய்மொழி.

ஒருநாள் ஊர்லருந்து பாட்டி, லோலான்னு கூப்பிடுவாங்க, ஃபோன்ல "மஹல் கிட்டா"ன்னு சொல்லிருக்காங்க. இவ என்னடான்னா நமக்கு செலவு ஜாஸ்தின்னு லோலாவே சொல்லி காட்றாங்கன்னு ரூம்ல போய் கதவ சாத்திக்கிட்டா. அம்மா விழுந்து விழுந்து சிரிச்சாங்களே ஒழிய அர்த்தம் சொல்லல. சித்திதான் சொன்னாங்களாம்.

பதினெட்டு வயசுல அவ காலேஜுக்கு வேற ஊருக்கு கெளம்புனப்ப நான் அங்கதான் இருந்தேன், பெட்டிய கீழ எறக்கி குடுத்தேன். கட்டிப்பிடிக்கிறதெல்லாம் ஒண்ணும் இல்ல. அந்தம்மா ஒரு ரைஸ் குக்கர துண்டுல சுத்தி அவ மடில வச்சு, "பத்திரம், மஹல்"னாங்க.

தள்ளுபடில இருவது டாலருக்கு வாங்குன குக்கர்ங்க அது.