வினைல், கேசட் சத்தம்தான் ஒரிஜினலா? பரண்ல இருக்கற பழைய கேசட்டை என்ன பண்றது? – நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். இன்னைக்கு ஒரே ஒரு கேள்விதான் எடுத்துக்கறேன். கும்பகோணத்துலருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். படிச்சிடறேன்.

"சார், என் ஃப்ரெண்ட் ஒருத்தன் மூவாயிரம் ரூபாய் குடுத்து ஒரு வினைல் தட்டு வாங்கியிருக்கான். ஒரிஜினல் சவுண்டு இதுலதான் இருக்கு, ஃபோன்ல கேக்கறதெல்லாம் சும்மான்னு சொல்றான். அது உண்மையா? கேசட்டும் திரும்ப வருதாமே? எங்க வீட்டுப் பரண்ல அப்பாவோட டூ-இன்-ஒன், ஒரு அட்டைப் பெட்டி நிறைய கேசட்டு, கொஞ்சம் பழைய ரெக்கார்டு எல்லாம் இருக்கு. பழைய சாமான் எடுக்கறவர் மொத்தமா விலை பேசறார். குடுத்துடலாமா?"

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடறேன். இப்போ குடுத்துடாதீங்க. ஏன்னு பின்னாடி வர்றேன், அதுதான் இதுல முக்கியமான விஷயமே.

சத்தத்துக்கு வருவோம். தட்டு மேல சுருளா வெட்டின மெல்லிசான பள்ளத்துலதான் பாட்டு இருக்கு, முள்ளு அதுல ஓடித்தான் சத்தம் வருது. ஆனா பாட்டு அதுல அப்படியே பதியறதில்ல. பேஸ், அதாவது அடியில கனமா வர்ற சத்தத்தை அப்படியே வெட்டினா பள்ளம் ரொம்ப அகலமா ஆடும், பக்கத்துப் பள்ளத்துல போய் இடிக்கும். அதனால வெட்டும்போதே பேஸைக் குறைச்சு, ட்ரெபிளை, அதாவது கீச்சுனு வர்ற மேல் சத்தத்தை ஏத்தி வெட்டுவாங்க. திரும்பக் கேக்கும்போது ஃபோனோ ப்ரீஆம்ப்னு ஒண்ணு அதைத் தலைகீழாக்கிச் சரி பண்ணும். இதுக்கு ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவுன்னு பேர், 1954லருந்து இருக்கு. சில பேர் டர்ன்டேபிளை நேரா ஆம்ப்ளிஃபயர்ல ஆக்ஸ் ஓட்டையில சொருகிட்டு, "என்ன சார், சன்னமா கீச்சுனு கேக்குது"ன்னு கேப்பாங்க. நடுவுல அந்த ப்ரீஆம்ப் இல்லாததுதான் காரணம்.

இன்னொண்ணு. தட்டு நிமிஷத்துக்கு முப்பத்து மூணே கால் சொச்சம் சுத்து. வெளி ஓரத்துல முள்ளுக்கு அடியில செகண்டுக்கு அரை மீட்டர் பள்ளம் ஓடும். உள்ள லேபிள் பக்கத்துல வரும்போது சுத்து அதேதான், ஆனா வட்டம் சின்னதாயிடுது, செகண்டுக்கு இருபது சென்டிமீட்டர் சொச்சம்தான் ஓடும். அதே பாட்டை அவ்வளவு சின்ன இடத்துக்குள்ள நெருக்கி எழுதணும். அதனால ஒவ்வொரு பக்கத்துலயும் கடைசிப் பாட்டுல ட்ரெபிள் மங்கும், 'ஸ', 'ச' எல்லாம் பிசிறடிக்கும். பக்கத்தோட கடைசியில மெதுவான பாட்டா பார்த்து வெச்சதுக்கு இதுவும் ஒரு காரணம்.

சத்தத்துல ரொம்ப மெல்லிசுக்கும் ரொம்பப் பெருசுக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளி கெடைக்கும்னு பார்த்தா, நல்ல தட்டுல 60, 70 டெசிபல் (சத்தத்தை அளக்கற அலகு). சிடியில 96. "டிஜிட்டல்ல அலையைத் துண்டு துண்டா வெட்டறாங்க, படிக்கட்டு மாதிரி ஆயிடுது, அனலாக்ல, அதாவது தட்டு, டேப்புல, வழவழன்னு இருக்கு"ன்னு ஒரு படம் எல்லா இடத்துலயும் சுத்துது. அந்தப் படம் தப்பு. செகண்டுக்கு 44,100 தடவை அளந்தா, மனுஷக் காது கேக்கற 20 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் உள்ள அலையை வழவழன்னே திரும்பக் கட்டிடலாம். ஸ்பீக்கருக்குப் போற அலையில படிக்கட்டு எதுவும் கெடையாது. ஆக, வெறும் திறமையை மட்டும் வெச்சுப் பார்த்தா தட்டைவிட சிடி மேல.

அப்போ உங்க ஃப்ரெண்டு பொய் சொல்றாரான்னா, இல்ல. அவர் காதுக்கு வித்தியாசம் கேக்குது, அது நெசம். காரணத்தைத்தான் தப்பா சொல்றார்.

பாட்டு ஸ்டூடியோவுல முடிஞ்சதும், வெளியிடறதுக்கு முன்னாடி சத்தத்தோட அளவைக் கடைசியாச் சரி பண்ற மாஸ்டரிங்னு ஒரு கட்டம் இருக்கு. 1990கள்லருந்து சிடிக்குப் பண்ற மாஸ்டரிங்ல எல்லாத்தையும் உச்சத்துக்கு ஏத்தி, மெல்லிசுக்கும் பெருசுக்கும் வித்தியாசமே இல்லாம அமுக்கிட்டாங்க. பக்கத்துப் பாட்டைவிட நம்ம பாட்டு சத்தமா கேக்கணுங்கற போட்டி. பழைய ஆல்பங்களை "ரீமாஸ்டர்"னு போட்டு விட்டப்பவும் பல ஆல்பங்களுக்கு இதே கதிதான். தட்டுல அந்த அளவுக்கு அடிச்சுத் திணிக்க முடியாது. சத்தத்தை ஏத்த ஏத்தப் பள்ளம் அகலமாகும், ஒரு பக்கத்துக்கு 22 நிமிஷம் கெடைக்கறது இன்னும் குறையும், முள்ளும் எகிறும். அதனால தட்டுக்குன்னு தனியா, கொஞ்சம் மூச்சு விட இடம் குடுத்து மாஸ்டரிங் பண்ணுவாங்க. உங்க ஃப்ரெண்டு ரசிக்கறது அந்த மாஸ்டரிங்கைத்தான். அதே மாஸ்டரை ஒரு டிஜிட்டல் ஃபைலாக் குடுத்தாலும் அவருக்குப் பிடிக்கும். முள்ளும் பள்ளமும் சேர்க்கற சின்னச் சின்னத் திரிபும் காதுக்கு இதமா இருக்கும், அதையும் மறுக்கலை. ஆனா அது பாட்டு மேல ஏறின ஒரு சாயம், பாட்டோட ஒரிஜினல் இல்ல.

இதை நான் சொல்றதைவிட 2022ல அமெரிக்காவுல நடந்ததே நல்லாச் சொல்லும். மொபைல் ஃபிடெலிட்டின்னு ஒரு கம்பெனி, பழைய ஆல்பங்களை ஸ்டூடியோவுல பதிஞ்ச மூல டேப்லருந்து எடுத்து விலை உசந்த தட்டாப் போடறவங்க. சிலது நூறு டாலருக்கு மேல. காது கூர்மையானவங்கன்னு பேர் வாங்கின ரசிகர்கள் எல்லாம் "இதுதான் சுத்த அனலாக், டிஜிட்டல் வாடையே இல்ல"ன்னு வருஷக்கணக்காக் கொண்டாடினாங்க. அந்த ஜூலையில ஃபீனிக்ஸ் நகரத்துத் தட்டுக்கடைக்காரர் ஒருத்தர் ஒரு வீடியோ போட்டார். நடுவுல ஒரு டிஜிட்டல் கட்டம் இருக்குன்னு சொன்னார். கம்பெனி இன்ஜினியர்களும் அது நெசம்தான்னு ஒத்துக்கிட்டாங்க. மூல டேப்பை முதல்ல உசந்த தரத்துல டிஜிட்டலா மாத்தி, அதுலருந்துதான் தட்டை வெட்டியிருக்காங்க, அதுவும் பல வருஷமா. கேஸ் போட்டாங்க, 2.5 கோடி டாலருக்கு சமரசம் ஆச்சு. வாங்கினவங்க கோபம் நியாயம், மறைச்சு வித்தது தப்பு. ஆனா நமக்கு வேண்டியது வேற. அத்தனை வருஷம் அத்தனை காதுல ஒண்ணுகூட அந்த டிஜிட்டல் கட்டத்தைக் கேட்டுக் கண்டுபிடிக்கலை. இன்னைக்கு வர்ற புதுத் தட்டுல பெரும்பாலானது டிஜிட்டல் ஃபைல்லருந்துதான் வெட்டறாங்க. அதனால மூவாயிரம் குடுக்கறதுக்கு முன்னாடி மாஸ்டரிங் பண்ணினது யாரு, எதுலருந்து எடுத்தாங்கன்னு பாருங்க. அது எழுதியே இல்லாத தட்டுக்கு அவ்வளவு விலை குடுக்கறதுல அர்த்தமில்லை.

ஆனாலும் வித்துக்கிட்டுத்தான் இருக்கு. அமெரிக்காவுல 2006 வாக்குல வருஷத்துக்குப் பத்து லட்சம் தட்டு போறதே கஷ்டம். 2022ல 4.1 கோடி தட்டு, சிடி 3.3 கோடி. 1987க்கு அப்புறம் எண்ணிக்கையில தட்டு சிடியைத் தாண்டினது அப்போதான். பிரிட்டன்ல விலைவாசி கணக்குப் போடற பொருள் பட்டியல்லருந்து 1992ல தட்டை எடுத்தாங்க, 2024ல திரும்பச் சேர்த்தாங்க. அதே சமயம் அமெரிக்காவுல தட்டு வாங்கறவங்கள்ல பாதிப் பேர் வீட்டுலதான் பிளேயரே இருக்குன்னு பாட்டு விற்பனையைக் கணக்கெடுக்கற லூமினேட் நிறுவனத்தோட கணக்கெடுப்பு சொல்லுது. மீதிப் பாதிக்கு அது பிடிச்ச பாடகரோட பெரிய படம், கையில தொட்டுப் பார்க்கற ஒரு பொருள், அந்தப் பாடகருக்கு நேரா நாலு காசு போகட்டுங்கற நெனப்பு. எனக்கு அதுல குறை சொல்ல ஒண்ணுமில்லை. ஒரு பக்கம் முடியற வரைக்கும் எழுந்து போகாம உக்காந்து கேக்கற பழக்கம் அதோட வருதுன்னா நல்லதுதான்.

கேசட்டுக்கு வர்றேன். புது கேசட்டு வருது, உண்மை. தட்டோட ஒப்பிட்டா ரொம்பக் கம்மி. அமெரிக்காவுல மிசௌரி மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டுல ஒரு ஃபேக்டரி டேப்பையே சொந்தமா செய்யுது. சத்தத்துக்காகன்னா அதை வாங்க வேண்டாம். ஃபிலிப்ஸ் 1963ல இதைக் கொண்டு வந்தப்போ பாட்டுக்காகக் கொண்டு வரலை, பேச்சு பதியறதுக்குத்தான். டேப்போட அகலம் நாலு மில்லிமீட்டர்கூட இல்ல, செகண்டுக்கு 4.76 சென்டிமீட்டர்தான் ஓடும். ஸ்டூடியோ டேப் இதைவிட எட்டு மடங்கு வேகத்துல ஓடும். 80கள்ல நல்ல டெக்குகள் டால்பி வெச்சு இரைச்சலைக் குறைச்சு, இதுலருந்து அருமையா சத்தம் வாங்கினது நெசம். இப்போ புதுசா விக்கற மெஷின்கள்ல டால்பி கெடையாது, உள்ள பெரும்பாலும் ஒரே மாதிரி மலிவான மெக்கானிசம், சுருதி லேசா ஆடும். கேசட்டு கேக்கணும்னா பழைய மெஷினை ரிப்பேர் பண்ணிக் கேக்கறதுதான் நல்லது.

இப்போ உங்க அட்டைப் பெட்டி. அதுல மூணு வகை இருக்கும் பாருங்க. கம்பெனி கேசட்டு ஒரு வகை. ரெக்கார்டிங் சென்டர்ல பாட்டு லிஸ்ட் எழுதிக் குடுத்து, டி.டி.கே., சோனி காலி கேசட்டுல பதிஞ்சு வாங்கினது ரெண்டாவது. மூணாவது, வீட்டுல பதிஞ்சது. லேபிள்ல "அம்மா", "கல்யாணம்", "பாப்பா பேச்சு"ன்னு பேனாவுல எழுதியிருக்கும், இல்ல ஒண்ணுமே எழுதியிருக்காது. முதல் ரெண்டு வகையில உள்ள பாட்டு பெரும்பாலும் வேற எங்கயாவது கெடைச்சுடும். மூணாவது வகை உலகத்துலயே அந்த ஒண்ணுதான்.

ராமநாதபுரத்துக்காரர் ஒருத்தர் என்கிட்ட அப்படி ஒரு கேசட்டு கொண்டு வந்தார். அவங்க அப்பா சவூதியில, தம்மாம்ல வேலை பார்த்தவர். அந்தக் காலத்துல ஃபோன் செலவு தாங்காது, லெட்டருக்குப் பதிலா கேசட்டுல பேசி, ஊருக்கு வர்றவங்க கையில குடுத்து விடுவாங்க. ஏ பக்கம் ஓட்டினா, பின்னாடி ஏசி இரையுது, அவர் பேசறார். மழை பெஞ்சுதா, கெணத்துல தண்ணி எவ்வளவு நிக்குது, பெரியவன் கணக்குல எத்தனை மார்க்குன்னு ஒவ்வொண்ணாக் கேக்கறார். நடுவுல நிறுத்தி, "இரு, அரிசி கொதிக்குது"ன்னு எழுந்து போற சத்தம்கூட இருக்கு. அந்தப் பெரியவன்தான் என் எதிர்ல உக்காந்திருந்தவர். அப்பா தவறிப் பல வருஷம் ஆச்சு, குரல் இருக்கறது இந்தக் கேசட்டுல மட்டும்தான்னு சொன்னார். பெட்டியை மொத்தமா எடைக்குப் போட்டா இதுதான் போகும், தம்பி.

அதனால எல்லாத்துக்கும் முன்னாடி ஒரு வேலை. கேசட்டோட மேல் விளிம்புல ரெண்டு ஓரத்துலயும் சின்ன பிளாஸ்டிக் தகடு இருக்கும். ஸ்க்ரூ டிரைவர் நுனியால ரெண்டையும் ஒடிச்சு விட்டுடுங்க. அதுக்கப்புறம் கை தவறி ரெக்கார்டு பட்டனை அமுக்கினாலும் அமுங்காது, அழியாது.

அடுத்து ஜன்னல் வழியா டேப் சுருளை வெளிச்சத்துல பாருங்க. வெள்ளையா பவுடர் மாதிரி திட்டு தெரிஞ்சா பூஞ்சை. அதை மெஷின்ல போடாதீங்க. டேப்பைப் படிக்கற ஹெட்டுல ஒட்டி மத்த கேசட்டுக்கும் பரவும், மூச்சுக்கும் கெடுதல். தனிக் கவர்ல போட்டு வெச்சுட்டு, சுத்தம் பண்ணத் தெரிஞ்சவங்ககிட்ட குடுங்க. அடியில நடுவுல ஒரு தகட்டு மேல குட்டியா கம்பளிப் பஞ்சு ஒட்டியிருக்கும், அது டேப்பை ஹெட்டோட சேர்த்து அமுக்கறது. பழசுல பசை காஞ்சு விழுந்திருக்கும், அப்போ சத்தம் ஏறி எறங்கும். வேண்டாத கேசட்டுலருந்து எடுத்து மாத்திக்கலாம்.

அப்பாவோட டூ-இன்-ஒன்னை உடனே ஓட்டாதீங்க. உள்ள ரப்பர் பெல்ட் உருகித் தார் மாதிரி ஆகியிருக்கும். பெல்ட் மாத்தி, ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால ஹெட்டையும், டேப்பை இழுக்கற ரப்பர் உருளையான பின்ச் ரோலரையும் தொடைச்சு, வேண்டாத கேசட்டு ஒண்ணை முதல்ல ஓட்டிப் பாருங்க. ஹெட்டுக்குப் பக்கத்துல குட்டி ஸ்க்ரூ ஒண்ணு இருக்கும், ஹெட்டோட சாய்வை மாத்தறது. குரல் மூடின மாதிரி மங்கலாக் கேட்டா, டேப் ஓடும்போதே அதைக் கால் சுத்துக்கும் கம்மியா அங்க இங்க திருப்பிப் பாருங்க. ஒரு இடத்துல குரல் பளிச்சுனு தெறக்கும். அங்க விட்டுடணும். ஒவ்வொரு கேசட்டும் வேற வேற மெஷின்ல பதிஞ்சிருக்கும், அதனால கேசட்டுக்குக் கேசட்டு இதைப் பார்க்கணும்.

ஹெட்ஃபோன் ஓட்டையிலருந்து கம்பி எடுத்து ஒரு சின்ன யூ.எஸ்.பி. ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியா கம்ப்யூட்டருக்கு. லேப்டாப் மைக் ஓட்டையில நேரா சொருகினா இரைச்சல் வரும். பதியறதுக்கு ஆடாசிட்டின்னு ஒரு சாஃப்ட்வேர் இலவசம், அது போதும். அதுல 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்னு வெச்சு, வேவ் ஃபைலாப் பதிஞ்சுக்குங்க. சத்த அளவு உச்சத்துக்குக் கொஞ்சம் கீழயே நிக்கட்டும். இரைச்சலை எடுக்கறேன்னு மூல ஃபைல்ல கை வெக்காதீங்க, ஒரு காப்பி எடுத்து அதுல பண்ணிக்கலாம். முடிச்சதும் ரெண்டு இடத்துல வைங்க.

ரெக்கார்டுகள்ல தடியா, கனமா, தட்டினா பீங்கான் மாதிரி சத்தம் வர்றது இருந்தா அது 78 சுத்து அரக்குத் தட்டு. கீழ விழுந்தா உடையும். அதுக்கு முள்ளே வேற. எல்.பி., அதாவது நான் மேல சொன்ன சாதாரண வினைல் தட்டோட முள்ளுல போட்டா இரைச்சல்தான் வரும். அதைப் படுக்க வெச்சு அடுக்காம நிக்க வைங்க. பிளேயர் வாங்கறதா இருந்தா சூட்கேஸ் மாதிரி வர்ற மலிவான மாடல் வேண்டாம், முள்ளுல பாரம் அதிகம். முள்ளு இருக்கற கைக்குப் பின்னாடி உள்ள எடையைத் திருகி பாரத்தைக் குறைக்க முடியணும், முள்ளைத் தனியா மாத்த முடியணும். இது ரெண்டும் இருக்கற மாடலாப் பாருங்க.

மூணாவது வகையைப் பிரிச்சு எடுத்துக் காப்பி பண்ணி முடிச்சதுக்கப்புறம், கம்பெனி கேசட்டுல வேண்டாததைத் தாராளமாக் குடுங்க. உங்க ஊர்ல பெல்ட் கெடைக்கலைன்னா மெஷின் மாடல் நம்பரை எழுதி அனுப்புங்க. பழைய பெல்ட் உருகிப் போயிருந்தாலும் அளவு எப்படி எடுக்கறதுன்னு அடுத்த வீடியோவுல காமிக்கறேன்.