மூன்று மணல்கள், ஒரே வெயில்: பாலைவன ஃபோட்டோமாண்டேஜ் உருவான விதம்

வணக்கம் நண்பர்களே. மூன்று வாரங்களாக நான் செய்துகொண்டிருந்த பாலைவன ஃபோட்டோமாண்டேஜ், அதாவது பல புகைப்படங்களை ஒன்றாக இணைத்துச் செய்யும் படம், நேற்று இரவு நிறைவுக்கு வந்தது. முடிந்த படத்தைக் கடைசியில் காட்டுகிறேன். அதற்கு முன், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பட அடுக்குகளான லேயர்களை ஒவ்வொன்றாகத் திறந்து, எந்த இடத்தில் என்ன முடிவை எதற்காக எடுத்தேன் என்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

திரையில் இப்போது மூன்று படங்கள் இருக்கின்றன. முதலாவது, மணலில் மண்டியிட்டு, கேமராவை இரண்டடி உயரத்தில் பிடித்து எடுத்த மணல் அலைகள். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையே நான்கு விரல் அகலம்தான் இருக்கும். இரண்டாவது, மாலை வெயிலில் எடுத்த ஒரு பெரிய மணற்குன்று. மூன்றாவது, நாசா பொதுப் பயன்பாட்டுக்கு வெளியிட்டிருக்கும் செயற்கைக்கோள் படம். தென்மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள நமீப் பாலைவனத்தின் நீண்ட மணல்மேடுகள் அதில் கோடு கோடாகத் தெரிகின்றன. ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்கு ஏறத்தாழ 2 கிலோமீட்டர் தூரம். இந்த மூன்றையும் கறுப்பு வெள்ளையாக மாற்றி அருகருகே வைக்கிறேன், பாருங்கள். எது நான்கு விரல், எது 2 கிலோமீட்டர் என்று உடனே சொல்ல முடிகிறதா? மரமும் ஆளும் வீடும் இல்லாத இடத்தில் கண்ணுக்கு அளவுகோல் கிடைப்பதில்லை. காற்று மணலைச் சிறிதாக அடுக்கினாலும் பெரிதாக அடுக்கினாலும், ஒத்த சாயலுள்ள வரிகளே கிடைக்கின்றன. மணல் இயல்பாகவே அரூப ஓவியத்துக்கு, அதாவது பொருள்களை உள்ளபடி காட்டாத ஓவியத்துக்கு, இடம் கொடுப்பது இதனால்தான். அதனால் உருவங்களைச் சிதைக்கவோ வண்ணங்களைக் கலைத்துப்போடவோ நான் முயலவில்லை. அளவு என்ற ஒன்றை மட்டும் எடுத்துவிட்டால் போதும் என்று முடிவு செய்தேன்.

அமைப்பு இதுதான்: நடுவில் மணற்குன்று, அடியில் மணல் அலைகள், குன்றுக்கு மேலே வானம் இருக்க வேண்டிய இடத்தில் செயற்கைக்கோள் படம். மணலுக்கு மேலே மணலே வானமாக விரிந்திருக்கிறது.

என்னை இரண்டு நாள் அலைக்கழித்தது இந்த வானம்தான். குன்றின் படத்தில் வெயில் இடது மேற்புறத்திலிருந்து விழுகிறது. செயற்கைக்கோள் படத்தில் வலது மேற்புறத்திலிருந்து விழுகிறது. வெயிலின் திசை ஒத்துப்போக வேண்டும் என்று, யோசிக்காமல் அந்தப் படத்தை 180 பாகை திருப்பி வைத்தேன். படத்தின் எந்தப் பகுதி தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்று வரையறுக்கும் மாஸ்க் சரியாக இருந்தது, விளிம்பு சரியாக இருந்தது, ஆனாலும் படத்தில் ஏதோ ஒன்று உயிரில்லாமல் கிடந்தது. காரணம் பிறகுதான் பிடிபட்டது. வெளிச்சம் எப்போதும் மேலிருந்து வருகிறது என்றே நம் மூளை எடுத்துக்கொள்கிறது. ஆகவே படத்தில் வெளிச்சம் கீழிருந்து வந்தால், மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் தெரியத் தொடங்கும். நான் திருப்பிய படத்தில் வெயில் இடது கீழ்ப்புறத்துக்குப் போய்விட்டதால், உயர்ந்து நிற்க வேண்டிய மணல்மேடுகள் எல்லாம் வாய்க்கால்களாகிவிட்டன. இப்போது மணல் அலைகளின் படத்தை உங்கள் கண்முன்னே திருப்புகிறேன். வரிகள் உள்ளே அமுங்குவதைப் பாருங்கள். ஆகவே திருப்பியதை நீக்கிவிட்டு, செயற்கைக்கோள் படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலமாக மாற்றினேன். மூன்று படங்களிலும் வெயில் ஒரே மூலையிலிருந்து விழுந்த அந்தக் கணத்தில், மூன்றும் ஒரே நிலமாயின.

காற்றுக்கும் இதே கணக்கு உண்டு. காற்று ஏறிவரும் பக்கம் மணற்குன்று மெல்லச் சரிந்திருக்கும். மறுபக்கம் மணல் தானாகச் சரிந்து விழுவதால் 30 முதல் 34 பாகை வரையிலான செங்குத்தான சரிவு உருவாகும். காய்ந்த மணல் அதைவிடச் செங்குத்தாக நிற்காது. சின்ன மணல் அலையிலும் ஒரு பக்கம் மென்சரிவு, ஒரு பக்கம் வன்சரிவு இருக்கிறது. குன்றில் காற்று இடமிருந்து வந்து, அலைகளில் வலமிருந்து வந்தால், பார்ப்பவரால் பிழையைச் சுட்டிக்காட்ட முடியாவிட்டாலும் மனம் அங்கே ஒட்டாது. அரூபப் படம் என்பதால் இயற்கையின் விதிகளைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்று சிலர் கருதுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அளவை நாம் எடுத்துவிட்ட பிறகு, கண் பிடித்துக்கொள்வதற்கு வெயிலும் காற்றும் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன.

படங்களை இணைத்த முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குன்றின் முகடு கத்தி முனைபோல் கூர்மையாக இருப்பதால், அதையே மாஸ்க்கின் எல்லையாக வைத்துக்கொண்டேன். அலைகளின் படத்தில் வண்ணத்தை நீக்கி, அதன் சராசரி வெளிச்சத்தை நடுச்சாம்பலுக்குக் கொண்டுவந்து, சாஃப்ட் லைட் என்ற கலக்கும் முறையில் குன்றின் அடிப்பகுதியில் வைத்தேன். அந்த முறையில் நடுச்சாம்பல் எந்த மாற்றமும் செய்யாது என்பதால், அலைகளின் ஏற்ற இறக்கம் மட்டும் குன்றின் தோலில் பதிந்தது. ஜிம்ப் போன்ற இலவச மென்பொருளிலும் இதைச் செய்யலாம்.

பழந்தமிழ் மரபில் பாலைக்கென்று தனி நிலம் சொல்லப்படவில்லை என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு திரிந்து பாலையாகின்றன. இந்த வேலையைச் செய்யும்போது அது அடிக்கடி நினைவுக்கு வந்தது. இரண்டு படங்கள் தம் இயல்பை இழந்து, எங்குமே இல்லாத மூன்றாவது நிலமாக மாறுவதைத்தானே நாமும் செய்கிறோம்.

ஒட்டுத் தெரிய வேண்டுமா, மறைய வேண்டுமா என்பது இக்கலையில் பழைய கேள்வி. 1857-இல் புகைப்படக் கலைஞர் ஆஸ்கர் ரேலாண்டர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களை இணைத்து, ஒரே காட்சிபோல் தெரியும் படத்தை உருவாக்கினார். முதல் உலகப்போருக்குப் பின் பெர்லினில் ஓவியர் ஹன்னா ஹோக், இதழ்களிலிருந்து வெட்டிய படங்களைக் கத்தரித்த விளிம்பு தெரியும்படியே ஒட்டினார். பிறகு புகைப்படக் கலைஞர் ஜெர்ரி உல்ஸ்மன், நெகட்டிவைப் பெரிதாக்கி அச்சிடும் என்லார்ஜர்கள் பலவற்றை இருட்டறையில் வரிசையாக வைத்து, ஒட்டே தெரியாமல் படங்களைக் கலந்தார். என் படத்தில் ஏறக்குறைய எல்லா ஒட்டும் மறைந்திருக்கிறது. ஆனால் வலது ஓரத்தில், நிழல் விழுந்த சரிவின் நடுவே, மணல் அலைகளின் ஒரு மெல்லிய பட்டையை நேர்க்கோடாக வெட்டி, விளிம்பை மழுப்பாமல் அப்படியே விட்டிருக்கிறேன். இப்படியொரு இடம் உண்மையில் இருப்பதாக யாரும் நம்பிவிடக் கூடாது. இது கையால் சேர்க்கப்பட்டது என்பதைப் படமே சொல்ல வேண்டும்.

வண்ணத்தில் அதிகம் கை வைக்கவில்லை. நமீபின் சிவப்பு, மணற்துகள்களின் மேல் படிந்த இரும்பு ஆக்சைடால் வருவது. அதையே அடிப்படையாக வைத்து மற்ற இரண்டையும் அதன் பக்கம் நகர்த்தினேன். நிழல்களில் மட்டும் நீலத்தை விட்டுவைத்தேன். திறந்த வெளியில் நேர்வெயில் படாத மணலுக்கு வானத்தின் ஒளிதான் கிடைக்கிறது, அது நீலமாகத்தான் இருக்கும்.

கடைசியாக இந்த மூலையைப் பெரிதாக்குகிறேன். அலைகளின் மேல் ஒரு சிறு தடம், இரட்டைத் தையல்போல் குறுக்கே போகிறது. அது ஒரு வண்டு நடந்த தடம். அளவைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று முதலில், பக்கத்து மணலை நகலெடுத்து மூடும் குளோன் கருவியால் அதைத் துடைத்துவிட்டேன். மறுநாள் வந்து பார்த்தபோது அந்த இடம் வெறிச்சென்று இருந்தது. துடைத்த லேயரை மறைத்ததும் தடம் திரும்பி வந்தது. குன்றோடு கலந்த பிறகு அது வண்டின் தடமாகத் தெரியவில்லை. மலைத்தொடர் ஒன்றை ஏறி இறங்கிக் கடக்கும் நெடும்பாதையாகத் தெரிந்தது. அதைத் தொடவே கூடாது என்று முடிவு செய்தேன்.

இப்போது முழுப் படத்தையும் திரையில் வைக்கிறேன். ஒரு நிமிடம் நான் பேசாமல் இருக்கிறேன். நீங்கள் அந்தத் தடத்தின் பின்னே போய்ப் பாருங்கள்.