படலையைத் தாண்டிப் போகும் படிப்பு

உலக சமூகப் பணி தினத்தையொட்டி யாழ்ப்பாணத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, மங்கல விளக்கேற்றி நிகழ்வைத் தொடக்கிவைத்த மேலதிக அரசாங்க அதிபர் அவர்களே, ஆசியுரை வழங்கிய சிவாச்சாரியார் அவர்களே, அருட்தந்தை அவர்களே, மௌலவி அவர்களே, பல்கலைக்கழகத்திலிருந்து வருகை தந்திருக்கும் பேராசிரியப் பெருமக்களே, பிரதேச செயலாளர்களே, முன்வரிசையில் இடமில்லாமல் பின்சுவரோடு நிற்கும் வெளிக்கள உத்தியோகத்தர்களே, எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

தலைவர் ஐயாவுக்குத் தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டும். முழங்கால் நோவோடு பருத்தித்துறையிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறார். இந்த மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்த நிர்வாக சபையினருக்கும், காலையிலிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருக்கும் மாதர் சங்கத்து அம்மாக்களுக்கும் நன்றி. மேலதிக அரசாங்க அதிபர் அவர்கள் இன்னொரு கூட்டத்துக்குப் போக வேண்டியிருந்தும் எங்களுக்காக இருந்து கேட்கிறார். அதை நான் பெரிய மரியாதையாக எடுத்துக்கொள்கிறேன்.

வீட்டுக்கு வீடு வாசற்படி என்று எங்கள் அம்மம்மா அடிக்கடி சொல்லுவா. கஷ்டம் இல்லாத வீடு கிடையாது என்பது அதன் பொருள். அந்த வாசற்படியை மிதித்து உள்ளே போவதுதான் எங்கள் வேலை. யாழ்ப்பாணத்தில் வாசற்படிக்கு முன்னால் முற்றம், முற்றத்துக்கு முன்னால் படலை, படலைக்கு இரு பக்கமும் வேலி. இத்தனையையும் தாண்டி ஒரு குடும்பத்தின் துயரத்துக்குப் பக்கத்தில் போய் இருப்பதற்கு யார் எங்களுக்குப் பழக்கினார்கள்?

நான் மூன்று விடயங்கள் பேச வந்திருக்கிறேன். ஒன்று, வெளிக்களப் பயிற்சி. இரண்டு, தமிழில் பயிற்சி நூல்கள். மூன்று, இந்த வேலையைச் செய்கிறவர்களின் மனநலம். மூன்றுக்கும் சேர்த்து என் கோரிக்கை ஒன்றுதான்: வெளிக்கள உத்தியோகத்தர்களுக்கு மாதத்தில் ஒரு நாள், அனுபவமுள்ள ஒருவரின் மேற்பார்வையில் இருந்து பேச நேரம் தாருங்கள்.

முதலில் ஒரு சம்பவம்.

2011ஆம் ஆண்டு. போர் முடிந்தபின் வடமராட்சி கிழக்கில் மீளக்குடியமர்ந்த ஒரு கிராமம். நான் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம். கையில் ஆறு பக்கப் படிவம். மணல் ஒழுங்கையில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய், தகரக் கொட்டில் ஒன்றின் படலையில் நின்று “வீட்டிலை ஆர் நிக்கிறியள்?” என்று கூப்பிட்டேன். ஓர் அம்மா வந்தா. பாய் விரித்து இருக்கச் சொன்னா. வெறுந்தேத்தண்ணியும் பனங்கட்டித் துண்டும் வந்தன. நான் பேனையைத் திறந்து முதல் கேள்வியைக் கேட்டேன்: “கணவர் எங்கே?”

அம்மா ஒன்றும் பேசவில்லை. உள்ளே திரும்பி மகளைக் கூப்பிட்டா. பதினைந்து வயதிருக்கும். அந்தப் பிள்ளை ஒரு பாடசாலைக் கொப்பியை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் நின்று வாசிக்கத் தொடங்கியது. தகப்பன் எந்தத் திகதியில் எந்த இடத்தில் கடைசியாகக் காணப்பட்டார், என்ன நிறச் சேட்டுப் போட்டிருந்தார், தம்பி எந்த இடத்தில் ஷெல் பட்டுச் செத்தான், எத்தனை இடம் மாறினார்கள், எந்த முகாமில் எத்தனை மாதம். செய்தி வாசிப்பதுபோல ஒரே குரலில் வாசித்தது. பாதிக்கு மேல் கொப்பியைப் பார்க்கவே இல்லை. எல்லாம் பாடமாகிவிட்டிருந்தது.

வாசித்து முடிந்ததும் அம்மா சொன்னா: “தம்பி, நீங்கள் ஏழாவது ஆள். திரும்பத் திரும்பச் சொல்ல எனக்கு ஏலாது. அதுதான் எழுதி வச்சிருக்கிறம். பாத்து எழுதிக்கொண்டு போங்கோ.”

நான் என்ன செய்தேன் தெரியுமா? பார்த்து எழுதினேன். ஆறு பக்கத்தையும் நிரப்பினேன். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அன்று எனக்கு வேறு ஒன்றும் தெரியாது. எனக்குத் தந்த பயிற்சி இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் படிவம் நிரப்பத்தான் பழக்கினார்கள்.

அன்று இரவு நித்திரை வரவில்லை. அடுத்த நாள் ஒரு மூத்தவரிடம் போய்ச் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, “பேப்பர் இல்லாமல் திரும்பிப் போ. ஒண்டும் கேளாதே. அந்த வீட்டிலை என்ன வேலை கிடக்குதோ அதைச் செய்” என்றார். அந்த மூத்தவர்தான் இன்று இந்த மேடையில் தலைமை தாங்கும் ஐயா.

போனேன். கிணற்றுக் கப்பிக் கயிறு அறுந்து கிடந்தது. நானும் அந்தப் பிள்ளையும் புதுக் கயிறு போட்டோம். அதற்கடுத்த கிழமையும் போனேன். மூன்றாவது முறைதான் அம்மா தானாக வாய் திறந்தா. பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டு இரண்டு மாதமாம். சாதாரண தரப் பரீட்சைக்கு அடையாள அட்டை கேட்கிறார்கள், அதற்குப் பிறப்புப் பத்திரம் கேட்கிறார்கள், பத்திரம் இடம்பெயர்வில் போய்விட்டது. எங்கே போய் எடுப்பது என்று தெரியாமல் படிப்பை நிறுத்திவிட்டார்கள். ஏழு பேர் வந்து போன வீடு அது. ஏழு படிவத்திலும் கணவர் எங்கே என்ற கேள்வி இருந்தது. பிள்ளை ஏன் பகல் பத்து மணிக்கு வீட்டில் நிற்கிறாள் என்று என்னோடு சேர்த்து ஏழு பேரும் கேட்கவில்லை. பத்திரத்தின் பிரதியை எடுக்க இரண்டு கிழமைதான் பிடித்தது. பிள்ளை திரும்பப் பள்ளிக்கூடம் போனாள்.

வீட்டுக்கு வீடு வாசற்படி. அந்தப் படியில் எப்படிக் கால் வைப்பது என்பதைப் புத்தகத்தால் மட்டும் பழக்க முடியாது. தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்து பழக்க வேண்டும்.

இலங்கையில் சமூகப் பணிக் கல்வி நேற்று வந்ததல்ல. 1952இல் தொடங்கிய சமூகப் பணி நிறுவகம்தான் வளர்ந்து இன்றைய தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகமாகியது. 2005இல் அங்கே பட்டப்படிப்பும் வந்தது. அதே 2005இல் வீட்டு வன்முறையைத் தடுக்கும் சட்டமும் வந்தது. பாதுகாப்புக் கட்டளை பிறப்பிக்கும் நீதவான், இரு பக்கத்தாருக்கும் ஆலோசனை வழங்கும்படி ஒரு சமூகப் பணியாளரையோ குடும்ப ஆலோசகரையோ பணிக்கலாம் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. கட்டளை ஒழுங்காகப் பின்பற்றப்படுகிறதா என்று கண்காணிக்க நன்னடத்தை உத்தியோகத்தரை, குடும்ப நல உத்தியோகத்தரை, சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைக்கூட நியமிக்கலாம். இது எவ்வளவு பெரிய பொறுப்பு! அடித்தவனும் அடிபட்டவளும் ஒரே கூரையின் கீழ் இருக்கிற வீட்டுக்குள் போகச் சொல்கிறது சட்டம். ஒரு பிழையான சொல் அன்றிரவே அவளுக்கு அடியாக விழும். இருபத்தைந்து வயதுப் பிள்ளையொன்றை நியமனக் கடிதத்தோடு மட்டும் அங்கே அனுப்பலாமா?

மனநல மருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம் பல ஆண்டுகளாக எழுதிவருவதை இங்கே நினைவூட்ட வேண்டும். போரின் காயம் தனி ஆளோடு நிற்பதில்லை, குடும்பத்தையும் ஊரையும் உடைக்கிறது என்கிறார் அவர். அப்படியானால் மருந்தும் குடும்பத்துக்குள்ளும் ஊருக்குள்ளும் போக வேண்டும். அதைக் கொண்டுபோகிறவர்கள் நீங்கள், பின்சுவரோடு நிற்பவர்கள்.

இரண்டாவது விடயம், தமிழில் நூல்கள். மானிப்பாயில் இருந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீனை எல்லோரும் அறிவீர்கள். 1864இல் அவர் ஆங்கிலத்தை விட்டுத் தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். உடற்கூற்றையும் சத்திர சிகிச்சையையும் பிரசவ வைத்தியத்தையும் தமிழ் நூலாக்கினார். தமிழில் படித்தவர்கள்தான் கிராமங்களுக்குத் திரும்புவார்கள் என்று நம்பினார். சத்திர சிகிச்சையையே தமிழில் படித்த மண் இது. குடும்பத்தோடு எப்படிப் பேசுவது என்பதை மட்டும் ஏன் மொழிபெயர்த்த குறிப்புகளில் படிக்க வேண்டும்? நீங்கள் ஒவ்வொருவரும் வருடத்தில் இரண்டு சம்பவங்களை, ஆள் அடையாளம் தெரியாமல், உங்கள் சொந்தத் தமிழில் எழுதினாலே போதும். அதுவே எங்கள் பாடநூலாகும். ஆனால் எழுதியதை வாசித்துத் திருத்தித் தர ஒருவர் வேண்டுமே! அதனால்தான் திரும்பவும் என் கோரிக்கைக்கு வருகிறேன்.

யாழ் மாவட்டத்தில் 15 பிரதேச செயலகப் பிரிவுகள், 435 கிராம அலுவலர் பிரிவுகள். ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் சமூக சேவைக்கு ஒருவர், சிறுவருக்கு ஒருவர், பெண்களுக்கு ஒருவர், உளவளத்துணைக்கு ஒருவர் என்று பெரும்பாலும் இருக்கிறார்கள். இவர்களை மாதத்தில் ஒரு முழு நாள் ஒரே மேசையில் இருத்துங்கள். அனுபவமுள்ள ஒரு மேற்பார்வையாளர் கூட இருக்கட்டும். அந்த மாதம் மனதை அழுத்திய வீடுகளைப் பற்றிப் பேசட்டும். ஏழு பேர் போகும் வீட்டுக்கு யார் ஒருவர் பொறுப்பு என்று அங்கேயே முடிவெடுக்கட்டும். புதிதாக வருகிறவர்கள் முதல் மூன்று மாதம் தனியே போகாமல் மூத்த ஒருவரோடு போகட்டும். இதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம். ஒரு சுற்றறிக்கை போதும். அந்த நாளைக் கடமை நாளாகக் கணக்கெடுத்தால் போதும்.

மூன்றாவது விடயத்துக்கு நேரம் போதவில்லை. தலைவர் ஐயா மணிக்கூட்டைப் பார்க்கிறார். ஆனால் ஒன்று சொல்கிறேன்: வீட்டுக்கு வீடு வாசற்படி என்பது வெளிக்கள உத்தியோகத்தரின் வீட்டுக்கும் பொருந்தும். உங்களில் பலர் காணாமல் போன ஒருவரின் படத்தை வீட்டில் மாட்டிவிட்டுத்தான் இந்த வேலைக்கு வருகிறீர்கள். நான் சொன்ன அந்த மாத நாள் உங்களுக்கும் வேண்டிய நாள்.

இந்தக் கோரிக்கையைக் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், கையளிப்பதற்கான மனு வாசலில் உள்ள மேசையில் இருக்கிறது. பெயரோடு எந்தப் பிரிவில் வேலை செய்கிறீர்கள், சேரும்போது எத்தனை நாள் பயிற்சி கிடைத்தது என்பதையும் எழுதுங்கள். பேனை இரண்டுதான் இருக்கிறது, எழுதிவிட்டு அடுத்தவரிடம் கொடுங்கள். நன்றி, வணக்கம்.