எத்ரதா: கத்தரி வெட்டிய கடல்

எல்லோருக்கும் வணக்கம். சிற்பம் பற்றிப் பேசத்தான் அழைத்தார்கள். ஆனால் நான் அதிகம் பேசப்போவது செடி வெட்டுபவர்களைப் பற்றி. இப்போதே சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

பிரான்சின் வடக்கே, நார்மண்டிக் கடற்கரையில் எத்ரதா என்று ஒரு சிற்றூர். கரை நெடுகச் செங்குத்தான வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை. அலையும் மழையும் உறைபனியுமாகச் சேர்ந்து அதைக் குடைந்து பெரிய பெரிய வளைவுகளாக்கியிருக்கின்றன. ஒரு வளைவுக்குப் பக்கத்தில் கடலுக்குள் ஒரு பாறை தனியாகக் கூராக நிற்கிறது. அதற்குப் பெயரே ஊசி. 1880-களில் ஓவியர் மோனே திரும்பத் திரும்ப அங்கே போய், வெவ்வேறு வெளிச்சத்தில் இந்தப் பாறைகளை வரைந்தார்.

ஊரின் மறுபக்கத்தில், ஆமோன் குன்றின் மேல், 1905-இல் மதாம் தெபோ என்ற நடிகை ஒரு தோட்டம் போட்டார். நூறாண்டு கழித்து அலெக்சாண்டர் கிரிவ்கோ என்ற தோட்டக் கலைஞர் அதை எடுத்து மறுபடி வடிவமைத்தார். 2017-இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள்.

நம் பூங்காக்களில் செடியை மயிலாக, யானையாக வெட்டி வைத்திருப்பார்கள். குழந்தை "ஐ, யானை!" என்றதும் அந்தச் செடியின் வேலை முடிந்தது. எத்ரதாவில் அப்படிச் சட்டென்று பெயர் சொல்லிவிட முடியாது. சரிவில் பச்சை சுருண்டு சுருண்டு இறங்குகிறது. அலையா, குன்றா, சிப்பியா? சிப்பி என்று சும்மா சொல்லவில்லை. 18-ஆம் நூற்றாண்டில் அந்தக் கரையில் அரசி மரி அந்துவானெத்துக்காகச் சிப்பி வளர்த்தார்கள். கடல் உள்வாங்கும்போது அந்தத் தொட்டிகளின் மிச்சத்தை இன்றும் பார்க்கலாம்.

கீழே கடல் பாறையை வெட்டுகிறது, மேலே ஆள் செடியை வெட்டுகிறார். கடல் வெட்டிய பாறை திரும்ப முளைக்காது. செடியோ வெட்டிய மறுநாளே தன் இஷ்டத்துக்குக் கிளம்பிவிடும். அதனால் இந்தத் தோட்டம் ஒருமுறை செய்து முடித்த பொருள் இல்லை. வருடாவருடம் மறுபடி செய்யப்படுவது. கொளுத்தும் வெயிலில் வெட்டினால் புதிதாக வெளியே தெரியும் இலை கருகும், எனவே மேகமூட்டமான நாளாகப் பார்க்க வேண்டும். கத்தரி மழுங்கியிருந்தால் இலை நைந்து ஓரம் பழுப்பாகும். இதோடு உப்புக் காற்று வேறு.

சரி, சிற்பத்துக்கு வருகிறேன். அங்கே எல்லோரும் படம் எடுப்பது ஸ்பானியச் சிற்பி சாமுவேல் சல்சேதோவின் 'மழைத்துளிகள்'. உருண்டையாக வெட்டிய செடிகளுக்கு நடுவே உருண்டையான பெரிய பெரிய முகங்கள் கிடக்கின்றன. ஒன்று முகம் சுளிக்கிறது, ஒன்று தூங்குகிறது. இதே முகங்களை ஒரு வெள்ளைச் சுவர்க் கூடத்தில் வைத்தால் கெட்டிக்காரத்தனமான பொம்மை, அவ்வளவுதான். இங்கே எது செடி, எது தலை என்று கண் ஒரு நொடி தடுமாறுகிறது. அந்தத் தடுமாற்றத்தில் பாதி பங்கு கத்தரிக்காரருடையது. தோட்டத்தில் உள்ள எல்லாச் சிற்பத்துக்கும் இதைச் சொல்ல மாட்டேன். சிலவற்றை எடுத்துவிட்டாலும் இடம் குறைந்துபோகாது என்பது என் கட்சி.

பழைய ரோமின் எழுத்தாளர் இளைய பிளினி தன் கிராமத்து மாளிகையைப் பற்றி ஒரு கடிதம் எழுதியிருக்கிறார், 1900 ஆண்டுகளுக்கு முன்பு. அங்கே பாக்ஸ் என்ற சிற்றிலைப் புதர்ச்செடியை எழுத்துகளாக வெட்டியிருந்தார்களாம். ஓரிடத்தில் முதலாளியின் பெயர், இன்னோரிடத்தில் வெட்டிய தோட்டக்காரரின் பெயர்! எத்ரதாவில் படம் எடுப்பவர்கள் சல்சேதோவின் பெயரைப் போடுகிறார்கள். பக்கத்து உருண்டையை வெட்டியவர் யார் என்று கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், ஒரே ஒரு விஷயம். கிழக்காசியாவிலிருந்து வந்த ஒரு அந்துப்பூச்சி 2007-இல் ஜெர்மனியில் தென்பட்டது. சீக்கிரமே பிரான்சுக்கும் பரவியது. அதன் புழு பாக்ஸ் செடியை மொட்டையடித்துவிடும், இலை தீர்ந்தால் பட்டையையும் கடிக்கும். பல பழைய தோட்டங்கள் பாக்ஸைக் கைவிட்டு வேறு செடிக்கு மாறுகின்றன. மாற்றாகப் பலர் சொல்லும் ஜப்பானிய ஹாலி என்ற செடிக்குச் சுண்ணாம்பு மண் ஆகாது, எத்ரதாவோ சுண்ணாம்பின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. யூ மரம் அந்த மண்ணைத் தாங்கும். ஆனால் மெதுவாக வளரும் மரம் அது. சல்சேதோவின் முகங்களுக்குப் பக்கத்தில் நிற்கும் அளவுக்கு ஒரு யூ உருண்டையைச் சிறு கன்றிலிருந்து எடுக்க வேண்டுமென்றால், கத்தரி பிடிப்பவர் பல வருடம் காத்திருக்க வேண்டியிருக்கும். நன்றி.