'வாய்ப்பு உள்ளது' என்றால் எவ்வளவு?

நடுவர் அவர்களே, அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம். 'வாய்ப்பு உள்ளது' என்று மட்டும் சொன்னால் போதுமா, போதாதா என்பது இன்றைய வழக்கு. போதாது என்று அடித்துச் சொல்ல வந்திருக்கிறேன்.

நாளை நடப்பதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆகவே 'வாய்ப்பு' என்பதே நேர்மையான சொல் என்றார் எதிரணித் தோழி. உறுதியாகச் சொல்லுங்கள் என்று நாங்கள் கேட்கவே இல்லையே! எந்த அளவுக்கு எதிர்பார்க்கலாம் என்றுதான் கேட்கிறோம். "கனமழை பெய்ய வாய்ப்பு உள்ளது" என்கிறது செய்தி. கனமழை என்றால் 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை என்று வானிலைத் துறை புள்ளி சுத்தமாக வகுத்து வைத்திருக்கிறது. அதே வரியில் வரும் 'வாய்ப்பு' பத்தில் மூன்றா, எட்டா? களத்தில் நெல்லைக் காயப்போட்டவருக்கு அதுதானே தெரிய வேண்டும்?

1951-இல் யூகோஸ்லாவியா தாக்கப்படுமா என்று அமெரிக்க உளவுத்துறை ஓர் அறிக்கை தயாரித்தது. தாக்குதலுக்குக் 'கணிசமான சாத்தியம்' உண்டு என்ற பொருளில் எழுதினார்கள். பொறுப்பில் இருந்தவர்களில் ஒருவர் ஷெர்மன் கென்ட். அதற்கு என்ன பொருள் என்று வெளியுறவுத் துறை அதிகாரி கேட்க, நூற்றுக்கு 65 என்றார் கென்ட். அதிகாரி திடுக்கிட்டுப் போனார். அவர் மிகக் குறைவாக நினைத்திருந்தார். கென்ட் தம் குழுவினரிடமே விசாரித்தார். ஒருவர் மனத்தில் 20, இன்னொருவர் மனத்தில் 80! அந்தச் சொல்லை ஒருமனதாக ஒப்புக்கொண்டவர்கள் இவர்கள்தான், நடுவர் அவர்களே.

தமிழில் இன்னொரு சங்கடமும் உண்டு. வாய்ப்பு என்பது நன்மையோடு பழகிய சொல். 'மாரடைப்பு வர வாய்ப்பு' என்று படிக்கும்போது எனக்குக் காது கூசுகிறது. அபாயம் என்ற சொல் எங்கே போயிற்று?

எண் சொன்னால் பாமரருக்குப் புரியாது என்றும் எதிரணியில் வாதாடினார்கள். ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழு தன் அறிக்கையில் 'வாய்ப்புண்டு' என்று எழுதினால் நூற்றுக்கு 66-க்குக் குறையாது, 'மிகவும் வாய்ப்புண்டு' என்றால் 90-க்குக் குறையாது என்று வரையறுத்துக்கொண்டே எழுதுகிறது. அந்த வரையறை நம் மக்களுக்கு மட்டும் எட்டாதா? நூற்றுக்கு இரண்டு வட்டிக்கும் மூன்று வட்டிக்கும் உள்ள வேறுபாட்டை எங்கள் ஊர்ச் சந்தையில் காய்கறி விற்கும் எந்த அம்மாளிடமும் எதிரணியினர் கேட்டுப் பார்க்கட்டும்!