எத்தனை உலை?

நடுவர் அவர்களே, மும்பையின் மாதுங்காவிலிருந்தும் தாராவியிலிருந்தும் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டு வந்திருக்கும் சொந்தங்களே, வணக்கம்.

நலத்திட்டம் தீட்ட அரசுக்கு முதலில் வேண்டியது புள்ளிவிவரமா, சமூகவியலா? எனக்கு முன்னால் பேசிய ஆடிட்டர் அண்ணன் "எண் பொய் சொல்லாது" என்று மேசையைத் தட்டிவிட்டுப் போனார். வாடகை மேசை, பாவம். அண்ணே, எண் பொய் சொல்லாதுதான். ஆனால் கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்லும்.

எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். தாராவியில், தொண்ணூறு அடி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. கீழே பத்துக்குப் பத்து அறையில் அம்மாவும் நானும். இரும்பு ஏணியில் ஏறினால் மேலே சித்தி குடும்பம். ஒருநாள் கணக்கெடுக்க இரண்டு பையன்கள் வந்தார்கள், கையில் டேப்லெட். ஆதார் கேட்டார்கள், கரண்ட் பில் கேட்டார்கள், கதவில் ஒரு நம்பர் எழுதினார்கள். ஏணியை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பில் ஒன்று, அதனால் குடும்பம் ஒன்று. அவர்கள் போனதும் அம்மா கேட்டாள்: "ஏட்டி, எத்தனை உலை வைக்கோம்னு ஒருத்தனும் கேக்கலியே?"

அம்மா படித்தது மூன்றாம் வகுப்பு. அவள் கேட்டதோ சென்சஸின் இலக்கணம்! சேர்ந்து வாழ்ந்து ஒரே சமையலறையில் சாப்பிடுகிறவர்கள்தான் அதன் கணக்கில் ஒரு குடும்பம். உலையைக் கேட்டால் இரண்டு வருகிறது, பில்லைக் கேட்டால் ஒன்று. கூட்டலில் தப்பே இல்லை அண்ணே. எதைக் கூட்டுவது என்பதில் தப்பு. அதைச் சொல்லத்தான் சமூகவியல் வேண்டும் என்கிறேன்.

மண்டல் கமிஷனைப் பாருங்கள். 1979-ல் அமைத்தார்கள், 1980-ல் அறிக்கை வந்தது. பின்தங்கியவர் யார் என்று வருமானத்தை மட்டும் வைத்தா முடிவு செய்தார்கள்? 11 அளவுகோல்கள், மொத்தம் 22 புள்ளி. மற்ற சாதிக்காரர்கள் இவர்களை எப்படி மதிக்கிறார்கள், எந்த வயதில் கல்யாணம் முடிக்கிறார்கள் என்பது மாதிரியான சமூக அளவுகோல் ஒவ்வொன்றுக்கும் 3 புள்ளி. கல்விக்குத் தலா 2. சொத்து, வீடு, கடன் என்று பணம் பேசும் அளவுகோலுக்குத் தலா 1, அவ்வளவுதான். எண்தான், ஒப்புக்கொள்கிறேன். அந்த 3-க்கும் 1-க்கும் எடை போட்ட தராசு யாருடையது?

இந்த ஊருக்கு இது புதிதும் இல்லை. 1919-ல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் துறை தொடங்கியபோது முதல் பேராசிரியர் பேட்ரிக் கெடஸ், நகரத் திட்டக்காரர். (1914-ல் அவருடைய நகரத் திட்டக் கண்காட்சிச் சாமானை ஏற்றி வந்த கப்பலை நம்ம எம்டன், அதான் அந்த ஜெர்மன் போர்க்கப்பல், மூழ்கடித்துவிட்டான். மனுஷன் அசராமல் மறுபடி சேர்த்து, சென்னையிலேயே கண்காட்சி வைத்தார்.) இடிப்பதற்கு முன் தெருத்தெருவாக நடந்து பார் என்பது அவர் கட்சி.

நடந்து பார்த்தால் என்ன தெரியும்? விடிகாலை மூன்று மணிக்கு எங்கள் சந்தில் இட்லிக் கொப்பரை ஆவி விடும். அண்டா அண்டாவாக மாவு வாசலில் பொங்கி நிற்கும். வெளிச்சம் வருமுன் இட்லி தலையில் ஏறிக் கிளம்பிவிடும். எங்களுக்கு வீடு என்றால் அதுதான் பட்டறை, அதுதான் கடை. 1995-க்குப் பிறகு வந்த குடிசை மறுவாழ்வுத் திட்டத்தில் முதலில் கொடுத்த வீடு 225 சதுர அடி. தூங்கலாம், மறுக்கவில்லை. ஏழாவது மாடியில் கிரைண்டரை எங்கே போடுவது? லிஃப்ட் நின்ற அன்று அண்டா எப்படி இறங்கும்? சதுர அடிக் கணக்கில் இந்தக் கேள்விக்குக் கட்டமே கிடையாது.

எதிரணி அக்கா ஒன்று சொன்னார்: ஆராய்ச்சிக்காரர்கள் குறிப்பெடுத்துப் பட்டம் வாங்கிப் போய்விடுவார்கள், திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்று. உண்மைதான் அக்கா. எங்கள் வீட்டிலும் டீ குடித்துவிட்டுப் போனவர்கள் உண்டு. ஆனால் அவர்கள் ஏணியில் ஏறினார்கள். மேலே சித்தியிடமும் ஒரு டீ குடித்தார்கள்.

மணி அடித்துவிட்டார்கள். நடுவர் அவர்களே, தீர்ப்புக்கு முன் ஆடிட்டர் அண்ணனிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: அவர் வீட்டில் எத்தனை உலை? பில்லைப் பார்க்காமல் சொல்லட்டும்.