தலை போன சிலுவைகள்

(திரையில்: புல்வெளி, சாய்ந்த கல்லறைக் கற்கள், நடுவே ஒரு கல்தூண்)

இங்கிலாந்துக் கிராமம் ஒன்றில் பழைய தேவாலய வளாகத்துக்குள் நுழைகிறீர்கள், கல்லறைகளுக்கு நடுவே ஒரு கல்தூண், அதன் உச்சியில் சூரியக் கடிகாரம். மணி பார்ப்பதை விடுங்கள், கீழே பாருங்கள். தேய்ந்துபோன சில படிகள், அதன் மேல் குழி வெட்டிய கனமான கல், அந்தக் குழியில் செருகிய தூண் என்று இருந்தால், அது அநேகமாகக் கடிகாரத்துக்காக நட்டது இல்லை. தலை போன சிலுவை.

பெரும்பாலும் தெற்குப் பக்கம்தான் நிற்கும், ஊர் ஜனம் உள்ளே போகிற வாசல் அங்கேதான். ஆளுக்கொரு கல் வைக்கிற வசதி சாதாரண மக்களுக்கு இல்லாத காலம் அது, அங்கே புதைந்த அத்தனை பேருக்கும் சேர்த்து இந்த ஒரே சிலுவை. குருத்தோலை ஞாயிறு பவனி இங்கே வந்து நிற்கும். அந்தக் குளிர் நாட்டில் குருத்தோலைக்கு எங்கே போவது? வில்லோ, யூ மரக்கிளைகளைத்தான் ஏந்தி வந்தார்கள்.

(திரையில்: உடைந்த தூணின் முனை)

சரி, தலை எங்கே? மழையும் பனியும் கொஞ்சம் தின்றன, மீதி மனிதர் கைவேலை. 16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து கத்தோலிக்கத் திருச்சபையை விட்டுப் பிரிந்த சமயச் சீர்திருத்தத்தில், அதுவரை கும்பிட்ட உருவங்கள் விக்கிரகங்கள் ஆகிவிட்டன. அப்புறம் 1643 ஆகஸ்டில், உள்நாட்டுப் போர் நடக்கும்போதே, தேவாலய வளாகச் சிலுவைகளையும் அகற்றச் சொல்லி நாடாளுமன்றம் ஆணை போட்டது. பல ஊர்களில் தலையை உடைத்தவர்கள் தூணைப் பிடுங்க மெனக்கெடவில்லை. மிஞ்சிய தூணில் பின்னால் கடிகாரம் ஏறியது. நல்ல கல்லை யார் வீணாக்குவார்கள்!

தப்பித்தவையும் உண்டு. கம்ப்ரியாவின் காஸ்ஃபோர்த்தில் 10ஆம் நூற்றாண்டுச் சிலுவை ஒன்று, சுமார் 4.4 மீட்டர் உயரம், இன்னும் தலையோடு நிற்கிறது. ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல் கடந்து வந்த வைக்கிங்குகள் குடியேறிய பகுதி என்பதால் அதில் சிலுவையில் இயேசுவும் உண்டு, அவர்களுடைய புராணத்தில் வரும் தந்திரக்காரக் கடவுள் லோகி கட்டிப்போட்ட நிலையிலும் உண்டு. அவன்மேல் பாம்பின் விஷம் சொட்டாமல் மனைவி சிகின் கிண்ணம் ஏந்தி நிற்கிறாள்.

எனக்குப் பிடித்தது என்னவோ குளஸ்டர்ஷயரின் ஆம்ப்னி குரூசிஸ்தான். 15ஆம் நூற்றாண்டுச் சிலுவை. அதன் தலையைத் தேவாலயச் சுவருக்குள்ளேயே வைத்து அடைத்துவிட்டார்கள், 19ஆம் நூற்றாண்டில்தான் அது வெளியே வந்தது, பழைய தூணிலேயே திரும்ப ஏற்றினார்கள். சிலுவையில் இயேசு, குழந்தையோடு மரியாள், கவசம் போட்ட ஒரு வீரன், எல்லாரையும் இன்றைக்கும் அடையாளம் தெரிகிறது.